மாசிலாமணி மாஸ்டர் கையை இறக்கியபோது

போன வாரம் பேத்திக்குச் சளி. குங்கிலியப் புகை போட்டால் சரியாகிவிடும் என்றாள் என் மனைவி. குழந்தைக்குப் புகையே ஆகாது என்றார் டாக்டர். நான் எப்போதும் மனைவியின் கட்சி என்பதால் ராஜ வீதி நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பழைய தகர டப்பாவைத் திறந்து கட்டியொன்றை எடுத்துத் தராசில் போட்டார். தேன் நிறத்தில், கண்ணாடி போல விளிம்பு உடைந்த கட்டி. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் வலது மணிக்கட்டு தானாக உள்ளே மடங்கிக்கொண்டது. பேத்தி எடுத்த பிறகும் கைக்குப் பயம் போகவில்லை பாருங்கள்.

வயலின் வில்லில் இருப்பது குதிரை வால் முடி. அதை அப்படியே தந்தியில் இழுத்தால் சத்தம் வராது. ரோசின் என்று ஒரு பிசின் கட்டி உண்டு, அதைத் தடவ வேண்டும். அந்தக் காலத்தில் காஞ்சிபுரத்தில் பட்டு கிடைக்கும், ஜரிகை கிடைக்கும், கோயில் இட்லி கிடைக்கும், ரோசின் மட்டும் கிடைக்காது. மெட்ராஸ் போகும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். என் ரோசின் ஒருநாள் கை தவறி மாடிப்படியில் விழுந்து தூளாகிவிட்டது. குங்கிலியமும் பார்க்க அதே நிறம்தான், அதே மினுமினுப்புதான். அதுவும் பிசின், இதுவும் பிசின் என்று எனக்கு நானே விஞ்ஞானம் பேசி, வில் முழுக்கக் குங்கிலியத்தைத் தேய்த்துக்கொண்டு ஜரிகைக் கடை மாடியில் நடக்கும் வயலின் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தேன். முதல் இழுப்பிலேயே இரும்புக் கட்டிலைச் சிமெண்டுத் தரையில் நகர்த்தியது போல ஒரு சத்தம். எங்கள் குழுவைக் கையசைத்து நடத்தும் மாசிலாமணி மாஸ்டர் எல்லோரையும் நிறுத்தினார். என் அருகே வந்து வில்லை வாங்கி முகர்ந்து பார்த்தார். ஏனாத்தூர் என் ஊர், அவருக்கு அதுதான் என் பெயர்.

"இன்னாபா ஏனாத்தூரு, வில்லுக்குத் தூபம் போட்டுக்கினு வந்துகிற. சாமி வந்துச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்து முடிப்பதற்குள் அவர் கையில் இருந்த மூங்கில் குச்சி என் மணிக்கட்டில் விழுந்தது. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. மீசை வைத்த, சம்பளம் வாங்குகிற ஆள். அன்று மாலை முழுவதும் வயலினைக் கையில் பிடித்தபடி படிக்கட்டில் நின்றேன். கீழே ஜரிகைக் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஜரிகைக் கடை வழியாகத்தான் நான் மாஸ்டரிடம் வந்து சேர்ந்ததும். ஒரு பட்டுக் கடையில் எனக்குப் புடவை பிரித்துக் காட்டும் வேலை. முந்தியைப் பிடித்து ஒரு உதறு உதறினால் புடவை மெத்தையின் மேல் அலை போலப் போய் விழ வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன். முதலாளி ஒரு நாள் ஏதோ சாமான் வாங்கிவர ஜரிகைக் கடைக்கு அனுப்பினார். மாடியிலிருந்து சத்தம் கேட்டது. பாட்டு இல்லை, மேளம் இல்லை, நாயனம் இல்லை. பல வயலின்கள் சேர்ந்து மூச்சு விடுவது போல ஒரு சத்தம். வந்த வேலையை மறந்து மாடியேறிப் போய் வாசலில் நின்றேன். மறு மாதம் ஒரு பழைய வயலினோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கடைசி வரை அந்தக் கடைசி வரிசையை விட்டு நான் நகரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில், மாஸ்டர் வயலின் சொல்லித் தருகிறார், கண்டக்டராகவும் இருக்கிறார் என்று சொன்னேன். "எந்த ரூட்டுடா?" என்று கேட்டாள் அம்மா. ஸ்ரீபெரும்புதூர் ரூட்டாக இருந்தால் அக்கா வீட்டுக்குப் போக வசதி என்று அவளுக்குக் கணக்கு. அப்பா அப்படி வேடிக்கையாக ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டருக்கு எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு, "கத்துக்கறதுக்கு வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

மாஸ்டர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். அவர் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அம்மா விட்டுப்போன வயலினில்தான் அவர் கற்றுக்கொள்ளத் தொடங்கினாராம். மேல்நாட்டு முறைப்படி கோடு போட்ட தாளில் எழுதுவதையும் படிப்பதையும் கற்று, மெட்ராஸுக்குப் போய், சினிமாப் பாட்டுப் பதிவுகளில் பல வருஷம் வாசித்தவர். ஏன் திரும்பி வந்தார் என்பதற்கு அவரே சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு பதிவில் முன்வரிசைக்காரர் ஒரு சுரத்தைக் கொஞ்சம் தாழ வாசித்தாராம். யாரும் கவனிக்கவில்லை. இவர் எழுந்து நின்று நிறுத்தச் சொன்னாராம். மூன்று முறை நிறுத்தியிருக்கிறார். உட்கார், இல்லையென்றால் வெளியே போ என்றிருக்கிறார்கள். இவர் வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறிவிட்டார்.

அந்த மாடியில் நாங்கள் இருபது பேர் இருந்தோம். தறிக்காரர்கள், வாத்தியார்கள், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த கமலா சிஸ்டர். மாஸ்டர் குள்ளமான மனிதர். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானை மே மாதத்திலும் கழற்ற மாட்டார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் எங்கள் தாளத்தைக் கெடுக்கிறது என்று ஜன்னல்களையும் மூடிவிடுவார். இருபது பேரின் வியர்வையும் ரோசின் தூளும் கலந்து அந்த அறையில் ஒரு புளித்த வாசனை இருக்கும். வீட்டுக்குப் போனால் சட்டையிலும் அதே வாசனை.

யாருடைய பெயரையும் அவர் கற்றுக்கொள்ளவில்லை. என்னை ஏனாத்தூரு என்பார். குமாஸ்தாவை முத்திரைத்தாள் என்பார். கமலா சிஸ்டரை ஊசி என்பார். ஊசி போடுகிற கையால் வயலின் வாசித்தால் நோயாளிக்கு வருகிற வலிதான் கேட்கிறவனுக்கும் வரும் என்பார். என்னிடம் வேறு மாதிரி. "நீ வில்ல இழுக்கல, பொடவ பிரிக்கிற. வெல கேட்டுட்டுப் போய்டுவாங்க, வாங்க மாட்டாங்க." தறிக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், நல்ல மனிதர், நான்கு வருஷம் வந்தவர். ஒருநாள் அவரிடம் மாஸ்டர் மிகவும் அமைதியாக, உனக்குக் காது இல்லை, நாலு வருஷமாகச் சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன், நாளையிலிருந்து வராதே என்றார். அவர் வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார். கீழே சைக்கிள் ஸ்டாண்டு எடுக்கும் சத்தம் கேட்கும் வரை மாஸ்டர் காத்திருந்தார். பிறகு, "இப்ப வாசிங்க" என்றார். அவர் இல்லாமல் உண்மையாகவே நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை.

பிறகு ஏன் போனீர்கள் என்று கேட்பீர்கள். என் மனைவியும் இதைத்தான் கேட்பாள். வருஷத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோ, இருபது வில்லும் ஒரே நேரத்தில் மேலேறி, எது என் சத்தம், எது பக்கத்து ஆள் சத்தம் என்று தெரியாமல் போகிற ஒரு கணம் வரும். அப்போது மாஸ்டர் திட்ட மாட்டார். பாராட்டவும் மாட்டார். பேசாமல் நிற்பார், அவ்வளவுதான். அந்த ஒரு மௌனத்துக்காக நாங்கள் வருஷம் முழுவதும் பேச்சு வாங்கினோம்.

ஒரு பட்டு வியாபாரி வீட்டுக் கல்யாணத்தில் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வாசித்து முடித்ததும் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. மாஸ்டருக்கும் அவர் மகள் எஸ்தருக்கும் மட்டும் காகிதக் கப்பில் வந்தது. கொண்டுவந்த அம்மாள் முகத்தில் எந்த விகல்பமும் இல்லை. பழக்கத்தில் செய்தார்கள். மாஸ்டர் குடித்துவிட்டு, கப்பை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேனில் ஏறும்போது எஸ்தரிடம் அவர் சொன்னது, பின்னால் நின்ற என் காதில் விழுந்தது.

"மத்தவன் தப்பா வாசிச்சா தப்பு வாசிச்சான்னு சொல்லுவானுங்க. நாம வாசிச்சா வேற சொல்லுவானுங்க. தெரியுதா? உனுக்குத் தப்பு ஆவாது."

எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. முன்வரிசையில் முதல் நாற்காலி அவளுடையது. தாய் இல்லாத பெண். வீட்டில் அவரை நைனா என்பாள், மாடியில் மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். மறந்து நைனா என்றுவிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அவள் இடது தாடைக்குக் கீழே, வயலின் அழுத்தி அழுத்தி, காய்ப்பு விழுந்து கருத்திருந்தது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதைத் தேமல் என்று நினைத்துப் போய்விட்டதாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் எங்களிடம் சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அன்றைய பாடத்தைப் பிசிறில்லாமல் வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. ஒருநாள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கமலா சிஸ்டர்தான் தோண்டித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆனால் அவள் வாசித்தால், கீழே ஜரிகைக் கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்பார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மாஸ்டர் தானே ஒரு இசை எழுதியிருந்தார். அதற்குப் பெயர் வைக்கவில்லை. நாங்கள் 'பெரிசு' என்போம். தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து வாசித்து, மெல்ல மெல்ல அடங்கி, அந்த அடக்கத்தின் மேல் எஸ்தர் தனியாகத் தொடங்க வேண்டும். எட்டு மாதம் அதையே பழகினோம். தேவாலயத்தில் கூட்டம் நிரம்பி, வெளியே பந்தலிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். பிஷப் முன்வரிசையில் இருந்தார். ஆச்சரியம், என் அப்பா வந்திருந்தார். கடைசியில் தூணோரம் நின்றுகொண்டிருந்தார்.

தொடங்கினோம். நன்றாகவே போனது. அடங்கிக்கொண்டு வந்தோம். மாஸ்டரின் இடது கை உயர்ந்து, எஸ்தரின் பக்கமாக இறங்கியது. எஸ்தர் தொடங்கினாள். ஒரு சுற்று முன்னதாக. எங்கள் வாசிப்பு இன்னும் அடங்கவில்லை, அவள் சத்தம் அதன் மேல் போய் முட்டியது. வந்திருந்தவர்களில் நாலைந்து பேருக்குக்கூட அது தெரிந்திருக்காது.

மாஸ்டர் நிறுத்தினார். இருபது வில்லும் அந்தரத்தில் நின்றன. அத்தனை கூட்டத்திலும் ஒரு குழந்தை இருமுவது கேட்டது. அவர் எஸ்தரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "எழுந்து போ" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. "மாஸ்டர்?" என்றாள்.

"எழுந்து போம்மா. வாசிக்கத் தெரிஞ்சவங்க உக்கார்ற எடம் இது."

அவள் வயலினை நாற்காலியின் மேல் வைத்தாள். வில்லை அதன் பக்கத்தில் வைத்தாள். வெள்ளைப் புடவையின் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நடுப்பாதை வழியாக, அத்தனை பேர் பார்க்க, வாசல் வரை நடந்து போனாள். அழவில்லை. மாஸ்டர் இரண்டாம் நாற்காலிக்காரரைப் பார்த்து, நீ வாசி என்று தலையசைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். முடிந்ததும் பிஷப் எழுந்து நின்று கைதட்டினார். கூட்டமே எழுந்தது. வெளியே வந்தபோது அப்பா எனக்காகக் காத்திருந்தார். "பெத்த பொண்ணு" என்றார். சைக்கிளில் ஏறி மிதித்தார்.

அடுத்த பயிற்சிக்கு எஸ்தர் வரவில்லை. முதல் நாற்காலி காலியாக இருந்தது. மாஸ்டர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு இடம் இருக்கிறது, யார் வருகிறீர்கள் என்று கேட்டார். பஸ்ஸில் ஜன்னலோர இடம் காலியானது போலத்தான் கேட்டார்.

மாஸ்டரின் கை சீக்கிரமாகவே இறங்கிவிட்டது என்பதைக் கமலா சிஸ்டர் பார்த்திருந்தார். நான் தாளை விட்டுக் கண்ணை எடுக்கத் தெரியாதவன், எனக்குத் தெரியாது. கமலா சிஸ்டருக்கு அன்று என்ன துணிச்சலோ, எல்லோர் முன்னிலும் எழுந்து நின்று கேட்டுவிட்டார்.

"கைய நீங்கதான் மாஸ்டர் முன்னாடி காட்னீங்க. அந்தப் பொண்ணு உங்க கையத்தானே பாத்துச்சு?"

மாஸ்டர் மறுக்கவில்லை. "ஆமா, நான்தான் காட்னேன்" என்றார். "கண்டக்டர் தப்பு பண்ணா முதல் சீட்டுக்காரி காப்பாத்தணும். அவ தாளத்த எண்ணிக்கினு இருந்திருக்கணும். என் கையப் பாத்து வாசிக்கறதுக்கு ஏனாத்தூரு போதுமே, இவ எதுக்கு?"

இதைச் சொல்லிவிட்டு, தாளைத் திருப்பச் சொன்னார். நாங்கள் திருப்பினோம்.

எஸ்தர் அதற்குப் பிறகு வயலினைத் தொடவில்லை. அதே வீட்டில், அதே இரண்டு அறைக்குள், அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாள். பிறகு சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவள் கற்றுக்கொண்டது, வயலின் இல்லாமலே வயலின் சத்தம் வரவைக்கிற வேலை. ஒரு பெட்டியின் விசைப்பலகையில் தட்டினால் இருபது என்ன, அறுபது வயலின் கேட்கும். எங்களை ஊரில் கூப்பிடுவது நின்றுபோனதற்கும் அதே பெட்டிதான் காரணம். இருபது பேருக்கு வேன், சாப்பாடு, நாற்காலி எதற்கு? ஒரு பையன் ஒரு கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் வந்துவிடுவான். வாலிபப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்களில் ஏறிப் போனார்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு வில்லைப் பிடிக்கத் தெம்பு ஏது? இருபது பேர் பன்னிரண்டானோம், ஏழானோம். ஒரு நாள் மாடிக்குப் போனேன், மாஸ்டரும் நானும் மட்டும் இருந்தோம். அவர் என்னைப் பார்த்து, "நீயாபா மிஞ்சின?" என்றார். அதைவிட மோசமாக அவர் என்னை என்றைக்கும் திட்டியதில்லை.

அதன் பிறகு ஒரு தனியார் பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அங்கே ஒரு பெண் குழந்தையை, "உன் வெரலு வெரலா, வெண்டக்காயா?" என்று கேட்டிருக்கிறார். குழந்தை அழுதிருக்கிறது. நிறுத்தாமல், அழுதுக்கினே வாசி என்றிருக்கிறார். வாசலில் நின்ற அதன் அம்மா எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துவிட்டார். அது ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றி என் போனுக்கும் வந்தது. கிழவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று அதன் கீழே எழுதியிருந்தவர்களில், அவர் தேவாலயத்தில் நடத்திய இசையை எழுந்து நின்று கைதட்டிக் கேட்டவர்களும் இருந்தார்கள். பள்ளியில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். எதற்கு என்று அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. அந்தக் குழந்தைக்கு விரல் இடம் மாறியிருந்தது உண்மைதானே என்று என்னிடம் கேட்டார்.

எஸ்தர் ஊருக்குத் திரும்பியிருந்தாள். ஓரிக்கை போகிற வழியில் வீடு, வீட்டோடு ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்து அவரை அழைத்துக்கொண்டு போனாள். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை, துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை, அதன் கழுத்துப் பொத்தான் வரை அவளே போட்டுவிடுவாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் அவள் அவரிடம் தானாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். நர்ஸ்கூட நோயாளியிடம் இதைவிட அதிகம் பேசுவாள் என்று கமலா சிஸ்டர் வருத்தப்பட்டார்.

மாஸ்டருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று கிளம்பியவர் கமலா சிஸ்டர்தான். ஒரு கல்யாண மண்டபம் பிடித்தோம். தேடித் தேடிச் சேர்த்ததில் பழைய ஆட்கள் ஒன்பது பேர் தேறினோம். ஒருவருக்குப் பக்கவாதம் வந்து தெளிந்த கை. எனக்குத் தோள்பட்டையில் பிடிப்பு. 'பெரிசை' வாசித்துப் பார்த்தோம். எங்களுக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது, நெகிழ்ச்சியால் அல்ல. எஸ்தரிடம் போய் நின்றோம். தாள்களைக் கொடுங்கள், நானே கம்ப்யூட்டரில் செய்து தருகிறேன், நீங்கள் மேடையில் வாசிப்பது போல உட்கார்ந்தால் போதும் என்றாள். வில்லில் சோப்புத் தடவிக்கொள்ளுங்கள், இழுத்தாலும் சத்தம் வராது என்றும் சொல்லிக் கொடுத்தாள். மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"தெரியட்டும்ணா" என்றாள். "அவருக்குத் தப்பு ஆவாது. ட்ராக்ல தப்பே வராது."

விழாவன்று மண்டபம் நிறையக் கூட்டம். பட்டுச் சால்வை போர்த்தினார்கள், பேசினார்கள், புகழ்ந்தார்கள். பள்ளியில் படம் பிடித்த அந்த அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மாஸ்டரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து எங்கள் முன் நிறுத்தினோம். குச்சியை உயர்த்தினார். மேடை ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த எஸ்தர் அவர் கையைப் பார்த்துச் சரியாகத் தொடங்கினாள். என்ன சொல்வது, அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் இருபது பேரும் சேர்ந்து எந்தக் காலத்திலும் எழுப்பியதில்லை. நான் சோப்பு வில்லை ஆட்டிக்கொண்டே வாயைப் பிளந்து கேட்டேன்.

பக்கவாதம் வந்தவர் வில்லை மேலே தள்ள வேண்டிய இடத்தில் கீழே இழுத்துவிட்டார். மாஸ்டரின் கண் அங்கே போனது. பழைய வழக்கப்படி நிறுத்துவதற்காகச் சட்டென்று இரண்டு கையையும் இறக்கினார்.

இசை நிற்கவில்லை.

ஒன்பது பேரும் வில்லை நிறுத்திவிட்டோம். இருபது வயலின் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தேடினார். ஸ்பீக்கரைப் பார்த்தார். கடைசியில் எஸ்தரைப் பார்த்தார். அவளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் லேப்டாப்பின் மேல்தான் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அடங்கி, அடங்கி, தனி வயலின் தொடங்கும் இடம் வந்தது. சரியான இடத்தில் தொடங்கியது. மாஸ்டர் கையைத் தொங்கவிட்டபடி, சால்வை ஒரு தோளில் சரிந்து கிடக்க, முடிகிற வரை நின்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

கூட்டம் சாப்பாட்டுக்குப் போன பிறகு அவர் எஸ்தரைக் கூப்பிட்டார். நாங்கள் நாலைந்து பேர் பக்கத்தில் இருந்தோம்.

"யாரு வாசிச்சது?"

"நான்தான் நைனா. கம்ப்யூட்டர்ல."

"ஒரு எடத்துலகூடப் பிசிறு இல்ல" என்றார். "நல்லா இருக்குது. ரொம்ப நல்லா இருக்குது."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நாங்கள் யாருமே கேட்டதில்லை. எஸ்தர் தரையில் கிடந்த வயரைக் கையில் சுற்றிக்கொண்டே வெளியே போய்விட்டாள். கமலா சிஸ்டரும் நானும் பின்னாலேயே போனோம். வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் இன்னும் வயர் இருந்தது.

"கத்துவாருன்னு நெனச்சேன்ணா. நிறுத்துடின்னு ஒரு வார்த்த கத்துவாருன்னுதான் அத்த அப்படியே ஓட உட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் தினமும் சாயங்காலம் அதைத்தான் கேட்டாராம். காதில் ஹெட்போனை மாட்டிவிடச் சொல்லி, கண்ணை மூடி, கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். நான் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான் இருந்தார். தொட்டுக் கூப்பிட்டேன். ஹெட்போனைக் கழற்றாமலே, ரொம்ப சத்தமாக, "இதுங்க சொன்ன பேச்சு கேக்குதுங்கபா" என்றார். என்னை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. எஸ்தர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே சீராக, விடாமல் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மழைக்கால முடிவில் போய்ச் சேர்ந்தார். 'பெரிசின்' தாள்கள் அத்தனையையும் எஸ்தர் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, பெட்டிக்குள் அவர் தலைக்கு அடியில் வைத்துவிட்டாள். கல்லறையிலிருந்து திரும்பும்போது, அந்த ட்ராக்கையாவது எனக்கு ஒரு பிரதி கொடும்மா என்று கேட்டேன். காலையிலேயே அழித்துவிட்டதாகச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்றும் தோன்றவில்லை.

ஜரிகைக் கடையும் மாடியும் இப்போது ஒரு பெரிய துணிக்கடையின் கார் நிறுத்தும் இடத்துக்குள் போய்விட்டன. நாங்கள் வாசித்ததற்கு ஒரு ஒலிநாடாகூடக் கிடையாது. டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தவர்களை எல்லாம் மாஸ்டர், இன்னும் சரியாக வரவில்லை, வந்த பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். குங்கிலியம் வாங்கி வந்த அன்று மாலை எனக்கு மனசு கேட்கவில்லை. கமலா சிஸ்டருக்குப் போன் போட்டு, 'பெரிசில்' எஸ்தர் தொடங்குகிற இடத்தைப் பாடிக் காட்டச் சொன்னேன். நடுங்குகிற குரலில் பாடினார். அது இல்லையே சிஸ்டர், இப்படி அல்லவா வரும் என்று நான் பாடினேன். இல்லவே இல்லை என்றார் அவர். மறுபடியும் பாடினார், மறுபடியும் நான் பாடினேன். இரண்டு மெட்டும் ஒட்டவில்லை. எஸ்தரிடம் இதைப் போய்க் கேட்க முடியாது. இரண்டு பேரில் யார் தப்பு என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை.